அப்பா பேசிய சாயங்காலம்

சிரிப்பு வரப்போகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்டி, மூச்சு முட்டுது" என்று கெஞ்சவைக்கிற சிரிப்பு. அதற்கு எப்சிபா பொறுப்பு. ஆனால் இப்போதே இல்லை. முதலில் கேட் கிறீச்சிட வேண்டும், அப்பா வந்துவிட்டதாக அம்மா நினைக்க வேண்டும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பொறுமைதான் இந்தத் தொழிலில் பாதி என்று பதினாறு வயதுக்குள் அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. போன மாதம் கெமிஸ்ட்ரி வகுப்பில் கதவுக்குப் பின்னாலிருந்து தலைமையாசிரியை குரலில் "லெவன்த் பி-யில என்ன சந்தைக்கடை?" என்று அவள் கேட்டபோது, பிள்ளைகளோடு சேர்ந்து சாரும் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு அட்டென்ஷனில் நின்றது பொறுமைக்குக் கிடைத்த பரிசு. அவசரப்பட்டிருந்தால் முதுகில் பிரம்புதான். போதகர் ஆசீர்வாதம் சொல்லும்போது கடைசி ஆமென்னை மூக்கால் இழுப்பது, மேட்டுப்பாளையம் பஸ் கண்டக்டர் பர்லியார் வளைவில் கொட்டாவியோடு "எறங்குறவங்கல்லாம் எறங்கு" என்பது, பக்கத்து வீட்டுப் பாமா அக்கா கோழியைத் திட்டுகிற மாதிரியே புருஷனையும் திட்டுவது, எல்லாம் அவள் தொண்டைக்குள் வரிசையாகக் குடியிருந்தன. கதவைத் தட்டினால் போதும், எழுந்து வந்துவிடும். இப்போது முன்னறையின் சில்லென்ற சிமெண்ட் தரையில் கம்பளிச் சாக்ஸோடு சம்மணம் போட்டு, மடியில் காகித நட்சத்திரத்தை வைத்து அதன் கசங்கிய முனையை நீவிக்கொண்டிருந்தாள். நீவுவது சும்மா சாக்கு. காது வாசலில் இருந்தது. குன்னூர்ச் சரிவில் கடைசி வீடு இது. இதற்குக் கீழே தேயிலை, அதற்குக் கீழே வெறும் வெள்ளை. மத்தியானமே ஏறத் தொடங்கிய மூடுபனி இப்போது ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் கதவு கிடையாது, பச்சைத் திரை ஒன்றுதான். அந்தப் பக்கம் அம்மா மேசையில் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குக் கல்கல் உருட்டிக்கொண்டிருந்தாள். மாவுருண்டையைச் சீப்பின் பல்லில் வைத்து அழுத்தி ஒரு இழுப்பு, சர்ர். சங்கு மாதிரிச் சுருண்டு தட்டில் ஒரு டக். சர்ர், டக். இதற்கென்றே வருஷாவருஷம் டிசம்பரில் புதுச் சீப்பு வாங்குவார்கள். எப்சிபா சின்னவளாக இருந்தபோது சீப்பு கண்டுபிடிக்கப்பட்டதே கிறிஸ்துமஸுக்காகத்தான் என்று நம்பியிருந்தாள், அப்புறம் தலை வாரவும் உபயோகப்படுவது தெரிந்து கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, சர்ர், டக், அப்பாதான் அப்படிச் சொல்லி நம்பவைத்தார், சர்ர், அம்மா அப்போது எப்படிச் சிரித்தாள், டக்.

அந்தச் சிரிப்பு இப்போது இந்த வீட்டில் இல்லை. யாரும் எடுத்துப் போகவில்லை, எங்கோ வைத்துவிட்டு மறந்தமாதிரி இருக்கிறது. மழைக்காலத் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் வைத்து அப்பாவின் தொண்டையிலிருந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் ஆள் இருக்க மாட்டார் என்றார்கள், எடுத்தார்கள், ஆள் இருக்கிறார். கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகப் போய் வருகிறது. குளிர்காற்று நேராக உள்ளே இறங்கக் கூடாதென்று அம்மா பின்னிக் கொடுத்த வெள்ளைத் துணியை அதன்மேல் கட்டிக்கொள்கிறார், வெளியே போனால் மஃப்ளர். கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்தார், லிஃப்ட் பேசுகிற மாதிரி இருந்தது, பீரோவுக்குள் போய்விட்டது. உதட்டை அசைத்தாலே போதும் சார், வீட்டுக்காரங்க பழகிக்குவாங்க, என்று ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் சொல்லியிருந்தாள். அவரும் அசைத்தார். அது ஆபரேஷன் முடிந்து கண் விழித்த அன்று. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, அவள் முகத்தைப் பார்த்து, எதையோ சொன்னார். என்னங்க என்று குனிந்தாள் அம்மா. மறுபடி சொன்னார். தண்ணியா? இல்லை. தலகாணி ஏத்தணுமா? இல்லை. ஃபேனா, போர்வையா, எப்சிய வரச் சொல்லவா, இந்தா இருக்காளே, டாக்டரையா? ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டிக்கொண்டே வர, அம்மா தண்ணீரைக் கொண்டுவந்து, தலையணையை உயர்த்தி, மறுபடி தாழ்த்தி, வராந்தாவுக்கு ஓடி நர்ஸைக் கூட்டிவந்து, நர்ஸ் அவர் வாயருகே காதைக் கொண்டுபோய், காதா, காது எதற்கு, காதில் என்ன விழும், அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அதோடு உதட்டையும். அதற்குப் பிறகு கைதான். இரண்டு விரல் காப்பி. உள்ளங்கை போதும். ஆட்காட்டி விரல் மேலே போனால் லைட், கீழே போனால் செருப்பு. அம்மா எதையாவது கேட்டு அவர் வாயைப் பார்த்தால் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார். வேடிக்கை என்னவென்றால், வேடிக்கைதான் இது, வேறு வீட்டில் நடந்தால் எப்சிபா இதை வைத்து ஒரு வாரம் பிழைத்திருப்பாள், குரல் போனது அப்பாவுக்கு, ஆனால் கையால் பேசத் தொடங்கியது அம்மா. காது நன்றாகக் கேட்கிற மனுஷனிடம், வாய் நன்றாக இருக்கிற அம்மா, சாப்பிட வாங்க என்பதைக் கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டுகிறாள். எப்சிபாவே அன்றைக்குப் பரீட்சை மார்க்கை விரல்விட்டுக் காட்டினாள். பாமா அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணே! குளிரு! ஜாஸ்தியா! இருக்கா!" என்று சரிவு முழுக்க எதிரொலிக்கக் கத்துகிறாள், அப்பா காதைப் பொத்திக்கொள்ளாமல் தலையை ஆட்டுகிறார். ஒருத்தி கத்துகிறாள், இருவர் ஊமையாகிவிட்டார்கள், கேட்கத் தெரிந்தவர் நடுவில் உட்கார்ந்து தேயிலையைப் பார்க்கிறார். இப்படியே போனால் இந்த வீட்டில் பேச்சு என்ற ஒன்று இருந்ததையே மறந்துபோவோம், ஒரு நாள் தீப்பிடித்தால்கூடக் கையைக் காட்டிக்கொண்டு நிற்போம், சர்ர், டக்.

அதனால்தான் இது. இன்றைக்கு எப்சிபா அப்பாவைப் பேசவைக்கப் போகிறாள். தேயிலை ஃபேக்டரியில் உருளைகளின் இரைச்சலுக்கு மேல் ஏறிப் பேசிப் பேசித் திரண்ட குரல் அது. வீடு வீடாகப் பாடிக்கொண்டு கீத பவனி போகிற இரவுகளில் பனிக்குள் ஆள் தெரியாது, ஆனால் ஒவ்வொரு கேட்டிலும் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி அவர் அழைப்பது மூன்று வளைவுக்குக் கீழே கேட்கும், அருமைநாயகம் வந்துட்டாரு, அடுப்புல காப்பி வை என்பார்கள். செல்போனில் அந்தக் குரல் இல்லாமல் இல்லை. இருக்கிறது, பாடகர் குழுவில் பத்துப் பேரில் பத்தாவதாக. பிறந்தநாள் வீடியோ ஒன்றில் ஹாப்பி பர்த்டே எப்சிம்மா என்று காமிராவைப் பார்த்து விறைத்துக்கொண்டு. அது அப்பா இல்லை, அப்பா போட்டோவுக்கு நிற்கிறார். அடுக்களை வாசலில் சாய்ந்துகொண்டு அம்மாவை வம்புக்கிழுத்த அந்தக் குரல், அரைத் தூக்கத்தில் கேட்டால் வீடு வீடாகத்தான் இருக்கிறது என்று தெரிந்த குரல், அது எந்த மெஷினிலும் ஏறவில்லை. அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. தேயிலைப் பாதையில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு வாரமாகப் பழகினாள். முதல் நாள் அது வரவில்லை, போதகர் வந்தார், கண்டக்டர் வந்தார், எங்கிருந்தோ பாமா அக்காகூட வந்தாள். மூன்றாம் நாள், வளைவில் திரும்பும்போது, நினைக்காத நேரத்தில், "ஏ எப்சி" என்று வந்துவிட்டது. அவளே திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை, ஈரப்புதர், பனி, தன் வாயிலிருந்துதான் வந்தது என்று தெரிந்தும் உடம்பெல்லாம் முள் முள்ளாக எழுந்து நின்றது. ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். அப்பா ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க முடியவில்லை, அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து ஒளித்துவைத்திருக்கிற மாதிரி. இது எடுப்பதா, வைத்துக் காப்பதா? ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் கொஞ்சம் தேயுமோ? அவள் செய்கிற அப்பா மெல்ல மெல்ல அவள் கேட்ட அப்பாமேல் ஏறி உட்கார்ந்து, கடைசியில் எது அவருடையது எது இவளுடையது என்று இவளுக்கே பிடிபடாமல் போய்விட்டால்? அதற்கப்புறம் யாரிடம் போய்ச் சரிபார்ப்பது? வேண்டாம் என்று ஒரு நாள் முழுக்க வாயே திறக்காமல் இருந்தாள். மறுநாள் அம்மா ரசம் போதுமா என்பதைக் கையை அசைத்துக் கேட்டாள், அப்பா கையை அசைத்தார், சொம்பு வைக்கும் சத்தம், தட்டு நகரும் சத்தம். செய்துவிடுவோம் என்று முடிவு கட்டினாள்.

திட்டம் இதுதான். வீட்டில் கலந்த கேக் மாவைத் தகரத்தில் ஊற்றிக்கொண்டுபோய்ப் பேக்கரி அடுப்பில் வைத்து எடுத்து வருவது இந்தச் சரிவுக்காரர்களின் வழக்கம். அப்பா போயிருக்கிறார், அங்கே அடுப்படியில் நிற்க வாய் தேவையில்லை. அவர் திரும்பிவரும்போது கேட் கிறீச்சிடும். மழைச்சேறு அப்பிய செருப்போடு முன்வாசலில் ஏறமாட்டார், பக்கவாட்டில் சுற்றிப் பின்புறக் குழாயடிக்குப் போவார், அங்கே நின்று நிதானமாகக் கால் கழுவுவார். அந்த இடைவெளி போதும். அம்மாவின் காதுக்குக் கேட் கேட்டிருக்கும், அடுத்து குரல் கேட்கும். யோசிக்கிறதுக்கு முன்னால் வாய் பதில் சொல்லிவிடும், இருபது வருஷப் பழக்கம், வாய்க்கு என்ன தெரியும் ஆபரேஷனைப் பற்றி. சொன்னபிறகுதான் மூளைக்கு எட்டும். எட்டியதும் ஒரு கணம் திகைப்பாள், அடி நாயே என்பாள், அப்புறம் சிரிப்பாள். சிரிக்க வேண்டும். ஒருவேளை சிரிக்காமல், என்று தொடங்கிய நினைப்பை எப்சிபா நட்சத்திரத்தின் முனையோடு சேர்த்து மடித்துவைத்தாள். ஒருவேளை அழுதால்? ஒருவேளை கையிலிருக்கிற சீப்பை வீசினால் பரவாயில்லை, ஒருவேளை ஒன்றுமே சொல்லாமல் நின்றுவிட்டால்? நட்சத்திரம் விரிந்துகொண்டது. கேட் கிறீச்சிட்டது.

செருப்புச் சத்தம் சதக் சதக்கென்று பக்கவாட்டில் போயிற்று. பின்புறம் குழாய் திறந்து தகர வாளியில் தண்ணீர் விழுந்தது. எப்சிபா எழுந்தாள். முழங்கால் மரத்துப்போயிருந்தது. நாலடி வைத்தால் திரை, ஆனால் அந்த நாலடிக்குள் வாய் உலர்ந்து, குரல் எங்கே, போதகர் எட்டிப்பார்த்தார், போங்க ஐயா நீங்க, தலைமையாசிரியை எட்டிப்பார்த்தாள், எல்லாரும் போங்க, அடிவயிற்றில் இருட்டாகக் கிடக்கிற அது, அதை மட்டும். குழாய் நின்றுவிட்டது. ஐயோ நேரம் போகிறதே. திரையருகே நின்று கண்ணை மூடிக்கொண்டாள். அடுக்களையில் ஏதோ நகர்ந்தது, ஸ்டூலோ பாத்திரமோ. இப்போது விட்டால் எப்போதும் இல்லை.

"ஏ சீலி, காப்பி இருக்கா?"

சீப்பு நின்றது. வீடே நின்றது. ஜெயசீலி என்கிற அம்மாவைச் சீலி என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு. முடிந்தது, கண்டுபிடித்துவிட்டாள், இதோ அடி நாயே வரப்போகிறது.

"இருக்கு," என்றாள் அம்மா. "கையத் தொடச்சுட்டு வாங்க. கையெல்லாம் கரி."

சர்ர், டக். மறுபடி ஆரம்பித்துவிட்டது. எப்சிபா தோளில் கிடந்த துண்டை உருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். மாட்டிக்கொண்டாள் அம்மா! இவ்வளவு சுலபமாகவா! தலைமையாசிரியை, கெமிஸ்ட்ரி சார் எல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இங்கேயே நிறுத்த வேண்டும், திட்டத்தில் இதற்குமேல் வசனமில்லை. ஆனால் சந்தோஷம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது, அதோடு வேறொன்றும்: அம்மா பேசினாள். கையால் இல்லாமல், சாதாரணமாக, அலுப்போடு, பழைய அலுப்போடு. துண்டை எடுத்தாள்.

"பேக்கரியில நிக்க இடமில்ல. ஊரே அங்கதான் நிக்கி."

"நிக்கத்தான் செய்யும். மத்தியானமே போங்கன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?"

"நீ எப்பச் சொன்ன?"

"சொன்னேன். கையால சொன்னேன்." சொல்லிவிட்டு அம்மா களுக்கென்று சிரித்தாள்.

சிரித்துவிட்டாள். எப்சிபா காத்திருந்தது இதற்குத்தான், ஆனால் வந்தபோது கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. இந்நேரம் மூளைக்கு எட்டியிருக்க வேண்டுமே. ஏன் எட்டவில்லை? சீப்புச் சத்தம் வேறு வேகம் எடுத்திருந்தது, சர்ர்சர்ர், டக், டக், ஒன்றின் மேல் ஒன்று தடுக்கி விழுகிற மாதிரி. அம்மா நிஜமாகவே நம்புகிறாளா? ஜீரணிக்க முடியாத ஒன்றை இவ்வளவு நாளும் உள்ளே வைத்துப் பூட்டி, இப்போது ஒரு விளையாட்டுச் சாவியில் பூட்டு திறந்து, மனசு அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டதா? அப்படி ஆகுமாம், வேலூர்ப் பெரியம்மாவின் ஓரகத்தி அப்படித்தான் செத்த மகனுக்குத் தினமும் சோறு போட்டு வைத்தாளாம், ஆனால் அப்பா சாகவில்லை, பின்னால் குழாயடியில்தான் நிற்கிறார், எந்த நிமிஷமும் உள்ளே வருவார், வந்து நிற்பார், அம்மா ஒரு குரலோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்ப்பார். திரையைத் தள்ளிக்கொண்டு போய் நான்தாம்மா என்று சொல்லிவிட வேண்டும். கை திரையைப் பிடித்தது. பிடித்தபடியே, வேறு வழி தெரியாமல், வாய் தன்பாட்டுக்கு, "வாய் என்னத்துக்கு இருக்கு?" என்றது.

"அத நீங்க கேக்கீங்களா?"

சீப்புச் சத்தம் நின்றது. அம்மாவின் குரல் தாழ்ந்துவிட்டது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க என் கையப் பிடிச்சு என்னமோ சொன்னீங்க. நான் புத்தியத்துப்போயி தண்ணி தாரேன், தலகாணி தாரேன்னு ஓடுனேன். உக்காந்து உங்க மூஞ்சியப் பாத்திருந்தா வெளங்கியிருக்கும். பாக்கல. பயத்துல பாக்க முடியல. அதுக்காக ஒரு மனுஷன் இத்தன நாளும் வாய மூடிக்கிட்டு ஜன்னலப் பாத்து உக்காந்திருப்பாரா? நான் என்ன பாமாவா, காதுல கத்துனாத்தான் கேக்கும்னு இருக்க? என்னையப் பாத்துச் சொல்லுங்க. என்ன சொன்னீங்க அன்னைக்கு?"

எப்சிபாவிடம் அதற்குக் குரல் இருந்தது, பதில் இல்லை. யாருடைய குரலையும் எடுத்துவிடலாம். அவர்கள் சொல்லாததை எங்கே போய் எடுப்பது? கட்டிலின் கால்மாட்டில் நின்று அவளும்தான் அந்த உதட்டைப் பார்த்தாள். இரண்டு முறை அசைந்தது. முதலில் கூடியது, பிறகு திறந்தது. எத்தனையோ ராத்திரி கண்ணாடிமுன் அதைச் செய்து பார்த்திருக்கிறாள், பசிக்குது என்றும் வரும், போயிடாத என்றும் வரும், பிள்ள என்றும் வரும். தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் அது அம்மாவுக்குள் போய் உட்கார்ந்துவிடும், அப்பாவே வந்து இல்லை என்றாலும் எழுந்திருக்காது. சொல்லாமல் நின்றால் அவர் மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகிவிடும். விளையாட்டு எந்த இடத்தில் கையைவிட்டுப் போனது என்று தேடினாள், அது போய் வெகுநேரமாகிவிட்டது.

"திரும்பச் சொன்னா," என்றாள். அப்பாவின் குரல் நடுவில் விரிசல்விட்டு, அதற்குள்ளிருந்து அவளுடையது கசிந்தது. "வெளங்கிக்கிடுவியா?"

"வெளங்குற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன்."

பிறகு ஒன்றுமில்லை. அடுப்பில் எண்ணெய் காய்கிற மெல்லிய சத்தம். ஜன்னலுக்கு வெளியே பனி கூரையிலிருந்து சொட்டியது. அவளுடைய முறை என்று தெரிந்தது, வாயைத் திறந்தாள், மூடினாள்.

"ம்," என்றாள் அம்மா.

எதற்கு ம்? எப்சிபா எதுவும் சொல்லவில்லையே.

"இன்னொரு தடவ. மெதுவா."

என்னத்தை இன்னொரு தடவை? அம்மாவுக்கு இப்போது சொல்லாததும் கேட்கிறது. போச்சு. நான்தான் செய்தேன். நான்தான்.

"ஓ... அதுவா." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "எனக்கும்தான் பயமா இருந்துச்சு. உங்களுக்கு மட்டுமா?"

வெகுநேரம். சொட்டு விழுந்தது, இன்னொரு சொட்டு. அம்மா மூக்கைச் சிந்தினாள், கையை முந்தானையில் துடைப்பது கேட்டது, ஸ்டூல் ஒன்று கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது. அடுத்து வந்த குரல் ஈரமாக இருந்தாலும் அதற்குள் பழைய குறும்பு எட்டிப்பார்த்தது.

"எப்சி."

அவள் பெயர். அவளுடைய சொந்தப் பெயர், திரையைத் துளைத்துக்கொண்டு நேராக.

"உங்கப்பா கேக்காரு, எனக்கு என்ன அவ்வளவு கிழட்டுக் குரலான்னு."

"யாரு கேக்கா?" என்று அவள் வாயிலிருந்து வந்தது, பதினாறு வயதுக் கீச்சுக் குரலில், யாருடையதுமில்லாத அவளுடையதில். கேட்டு முடிப்பதற்குள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன: நின்றுபோன குழாய், அடுக்களையில் நகர்ந்த ஸ்டூல், கையெல்லாம் கரி, ஒன்றின் மேல் ஒன்று தடுக்கிய சீப்புச் சத்தம். இரண்டு சீப்பு. அம்மா பதில் சொல்லத் தொடங்கியதிலிருந்தே இரண்டு சீப்பு. திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடையது வெறும் காற்றாக, புஸ் புஸ்ஸென்று, அடக்கமாட்டாமல் வந்துகொண்டேயிருந்தது.